வீட்டில் ஓர் இரண்டாம் பிரட்டு

கணவனும் மனைவியும் ஒரே தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்தவர்களாக இருந்தால், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்கு ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் லயத்து வீட்டைவிட்டு இறங்குவார்கள். திரும்பும் நேரம்தான் வேறு. கவ்வாத்து, மருந்தடிப்பு, புல்வெட்டு, கான் வெட்டு என ஆணுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அளவு குறித்துக் கொடுக்கும் வேலை. குறித்த அளவை முடித்துவிட்டால் அன்றைய பேர், அதாவது முழு நாட்சம்பளம், விழுந்துவிடும். கைவேகம் உள்ளவர் பகல் இரண்டு மணிக்குள் வீடு திரும்பிவிடலாம். கொழுந்தெடுக்கும் மனைவிக்கு அப்படியொரு வழி இல்லை. பகல் நிறுவை முடிந்து அவசரமாய் வீட்டுக்கு ஓடிப் பிள்ளைக்குச் சோறு கொடுத்து, மறுபடியும் மலையேறி, மாலை நிறுவை முடியும்வரை அவள் நிரையில்தான் நிற்க வேண்டும். 1984ஆம் ஆண்டிலிருந்து இருவருக்கும் நாட்சம்பளம் ஒன்று. நாளின் நீளம் மட்டும் இன்னும் ஒன்றாகவில்லை.

அந்த இரண்டு மூன்று மணி நேர வித்தியாசத்துக்கும் அந்த வீட்டில் இரவில் எழும் சண்டைக்கும் தொடர்பு உண்டா? லயத்தில் கேட்டால் வேறு காரணங்கள் வரும். அவனுக்குக் குடி, அவளுக்கு வாய் நீளம், மாமியார் சரியில்லை, பொருத்தம் பார்க்காமல் கட்டிவைத்தது. பஞ்சாயத்துக்கு வரும் தலைவரும் கோயில் பெரியவர்களும் கடைசியில் பெண்ணைப் பார்த்து, “கொஞ்சம் பொறுத்துப் போ புள்ள” என்று முடித்துவைப்பார்கள். இந்த விளக்கங்கள் எல்லாமே இல்லறத்தின் கோளாறை மனிதர்களின் குணத்தில் தேடுகின்றன. மணவாழ்வை ஆராயும் உளவியலும் தொடக்கத்தில் அங்கேதான் தேடியது. பிறகுதான் அதன் பார்வை வேலைத்தளத்துக்கும் சம்பளத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் நகர்ந்தது. அந்த நகர்வை இலங்கை மலையகத்துக்குக் கொண்டுவந்து பார்த்தால் சில விடயங்கள் தெளிவாகின்றன.

151 மதிப்பெண்

1938இல் அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் மண மகிழ்ச்சி பற்றி எழுதிய பெரிய நூலில் ஆளுமைக்குத்தான் முதலிடம். எப்படிப்பட்ட குணமுள்ளவர் மணவாழ்வில் நன்றாக இருப்பார் என்பதே அன்றைய கேள்வி. 1959இல் ஹார்வி லாக், கார்ல் வாலஸ் என்ற இருவர் 15 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். 1976இல் கிரஹாம் ஸ்பேனியர் அதை விரித்து 32 கேள்விகள் ஆக்கினார். பென்சில்வேனியாவில் மணமானவர்களிடமும் மணமுறிவு பெற்றவர்களிடமும் சோதித்துத் தயாரித்த இந்த அளவுகோலில் உயர்ந்தபட்ச மதிப்பெண் 151. உலகம் முழுவதும், தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் உட்பட, மண இசைவு பற்றிய ஆய்வுகளில் இன்றும் அதிகம் புழங்குவது இதுவும் இதன் வழிவந்தவையும்தான்.

இந்தக் கேள்வித்தாளை ஹட்டன் பக்கத்து லயம் ஒன்றில் ஒரு பெண்ணிடம் வாசித்துக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். முதல் 15 கேள்விகள், குடும்பச் செலவு, பெரிய முடிவுகள், வீட்டு வேலை, உறவினரோடு நடந்துகொள்ளும் விதம் ஆகியவற்றில் கணவனும் மனைவியும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று கேட்கின்றன. ‘எப்போதும்’ என்றால் 5 மதிப்பெண். சம்பளக் காசு எங்கே போகிறது என்று கேட்கும் வழக்கமே இல்லாத பெண், “அதுல எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்லையே” என்பாள். 5 மதிப்பெண் விழும். சண்டைக்குப் பிறகு நீங்களோ அவரோ வீட்டைவிட்டு வெளியேறுவதுண்டா என்று இன்னொரு கேள்வி. ராத்திரி நேரத்தில் அவள் எங்கே போவாள்? ‘ஒருபோதும் இல்லை’ என்ற பதிலுக்கும் 5 மதிப்பெண்.

அளவுகோலைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பேசவும் மறுக்கவும் வெளியேறவும் முடிகிற இருவருக்காக அது தயாரிக்கப்பட்டது. அந்த மூன்றும் குறைவாக உள்ள இடத்தில், உயர்ந்த மதிப்பெண் நல்ல இல்லறத்தையும் குறிக்கலாம், வாய்மூடிய இல்லறத்தையும் குறிக்கலாம். எது எது என்று எண் பிரித்துச் சொல்லாது.

துறைக்குள்ளேயே ஒரு திருப்பம் 1995இல் வந்தது. பெஞ்சமின் கார்னி, தோமஸ் பிராட்பரி இருவரும் தம்பதிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 115 ஆய்வுகளைத் திரட்டிப் படித்து, மணவாழ்வின் போக்கை மூன்று பொருள்கள் தீர்மானிக்கின்றன என்றார்கள். ஒருவர் தன்னோடு கொண்டுவரும் பலவீனங்கள் ஒன்று. வெளியிலிருந்து வரும் நெருக்கடிகள் இரண்டு. இருவரும் ஒருவரோடொருவர் பழகிச் சமாளிக்கும் விதம் மூன்று. இவற்றில் இரண்டாவதன் கனத்தால் மூன்றாவது நொறுங்கும். அமைதியான நாளில் நயமாகப் பேசத் தெரிந்தவர்கள்கூட, நெருக்கடி மிகுந்த நாளில் அதே நயத்தைக் காட்ட முடிவதில்லை.

கூடையும் கங்காணியும்

வேலைக்குப் போகும் பெண்ணின் இல்லறம், போகாத பெண்ணின் இல்லறம் என்று ஒப்பிடும் ஆய்வுகள் ஏராளம். ஆசிரியை, தாதி, வங்கி ஊழியர் என்று அவற்றில் வருபவர்கள் பெரும்பாலும் நகரத்துப் பெண்கள். மலையகத்தில் அந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டு, கோப்பி நோயில் அழிந்த மலைகளெல்லாம் தேயிலைக்கு மாறிய நாள்முதல் கொழுந்தெடுப்பது பெண்ணின் வேலை. பாட்டி, பூட்டி காலத்திலிருந்தே இங்கே பெண் சம்பளக்காரி. எனவே வேலை இருக்கிறதா என்பதைவிட, எப்படிப்பட்ட வேலை என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கு உதவும் கோட்பாடு ஒன்று 1979இல் வந்தது. அமெரிக்க, சுவீடன் தொழிலாளர்களின் தரவுகளை ஆராய்ந்த ராபர்ட் கராசெக், வேலைப் பளு மட்டுமே ஆளை முறிப்பதில்லை என்று கண்டார். பளுவும் அதிகம், அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமையும் இல்லை என்ற நிலையில்தான் களைப்பும் மனச்சோர்வும் உச்சத்துக்குப் போகின்றன. பளு அதிகமாக இருந்தாலும் கட்டுப்பாடு தன் கையில் இருப்பவர் அவ்வளவு சோர்ந்துபோவதில்லை.

கொழுந்தெடுப்பை இதில் பொருத்திப் பாருங்கள். எந்த மலை, எந்த நிரை என்று சொல்வது கங்காணி. எத்தனை கிலோ என்று குறிப்பது நிர்வாகம். அது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், 18 என்பார்கள், 20 என்பார்கள். செடி காய்ந்து கிடக்கும் மாதத்திலும் கேட்கும் கிலோ குறைவதில்லை என்பது பெண்களின் நெடுநாள் முறைப்பாடு. மழைநாளில் இலையின் ஈரத்துக்கு, கூடைக்கு என்று நிறுவையில் சில கிலோ கழியும். அளவு எட்டாவிட்டால் அரைப்பேர். அதாவது முழுநாள் மலையில் நின்றும் பாதி நாட்சம்பளம். காலில் அட்டை, முதுகில் கூடை, இடுப்பில் நனைந்த படங்கு, மறைவாகப் போய்வர மலையில் ஒரு கழிப்பறை இல்லை. நிறுவைத் தராசுக்கு முன் நிற்கும்போது, அன்றைய உழைப்புக்கு என்ன பெறுமதி என்பதைச் சொல்வது வேறொருவரின் பேனா. கராசெக் சொன்ன அதிகப் பளு, குறைந்த கட்டுப்பாடு என்ற இரண்டும் ஒரு வேலையில் இவ்வளவு துல்லியமாகச் சேர்ந்திருப்பது அரிது.

ஆணும் இதே தோட்டத்தில்தான் ஏச்சு வாங்குகிறான் என்பதையும் சொல்ல வேண்டும். துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று மேலிருந்து இறங்கும் அதட்டல் அவன் தலையிலும் விழுகிறது. அவனுக்குக் கீழே அவன் அதட்டக்கூடிய ஆள் வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்குக் கீழே பிள்ளைகள்.

வீட்டுக்கு வந்த முதல் ஒரு மணி நேரம்

வேலைத்தளத்தின் களைப்பு வீட்டுக்குள் எப்படி நுழைகிறது? இதைத் துல்லியமாகப் பார்த்தவர்களில் ரீனா ரெபெட்டி முக்கியமானவர். 1989இல் வெளியான அவருடைய ஆய்வு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களைப் பற்றியது. வான்பரப்பு நெரிசலாக இருந்த நாட்களில் அவர்கள் வீட்டுக்கு வந்ததும் பேச்சைக் குறைத்து ஒதுங்கிக்கொண்டார்கள். மனைவி அதற்கு இடம் கொடுத்தபோது அந்த ஒதுக்கம் அவர்களுக்கு ஆறுதலாகவும் அமைந்தது. மனம் தன் சூட்டைத் தானே தணித்துக்கொள்ளும் வழி அது. ஆனால் ஒருவர் ஒதுங்கியிருக்க வேண்டுமானால் அந்த நேரத்தில் அடுப்பையும் பிள்ளையையும் இன்னொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே ஆண்டில் நயல் போல்ஜரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு அந்த ‘இன்னொருவர்’ யார் என்று காட்டியது. தம்பதிகள் ஆறு வாரம் தினமும் எழுதிவந்த நாட்குறிப்புகளை அவர்கள் படித்தார்கள். கணவனுக்கு வேலையில் கடுமையான நாள் என்றால் மனைவி வீட்டு வேலையைக் கூடுதலாக இழுத்துப் போட்டுச் செய்தாள். மனைவிக்குக் கடுமையான நாள் என்றால் கணவன் அப்படிச் செய்யவில்லை.

இதை உடலுக்குள்ளேயே அளந்தவர்கள் 2011இல் டார்பி சாக்ஸ்பியும் ரெபெட்டியும் மற்றொருவரும். லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் 30 குடும்பங்களில், அவர்கள் வீட்டில் எப்படி நேரம் கழிக்கிறார்கள் என்று கவனித்து, உமிழ்நீரில் கோர்ட்டிசோல் அளவையும் பார்த்தார்கள். உடல் நெருக்கடியில் இருக்கும்போது சுரக்கும் ஹோர்மோன் அது. காலையில் உயர்ந்து இரவை நோக்கி இறங்க வேண்டும். இறங்கினால்தான் உடல் அன்றைய உழைப்பிலிருந்து மீள்கிறது என்று பொருள். கணவன் வீட்டு வேலையில் அதிக நேரம் கைகொடுத்த வீடுகளில் மனைவியின் கோர்ட்டிசோல் மாலையில் நன்றாக இறங்கியது. கணவன்மாரிடம் கண்டது சற்றுச் சங்கடமானது. தாம் ஓய்வெடுக்க, மனைவிக்கு ஓய்வு குறைந்திருந்தபோதுதான் அவர்களுடைய அளவு நன்றாக இறங்கியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே குழு செய்த இன்னோர் ஆய்வில், மணவாழ்வில் நிறைவு கண்ட பெண்களின் உடல் வேலைக் களைப்பிலிருந்து விரைவாக மீண்டதும் தெரிந்திருந்தது. ஆக இது இரு திசையிலும் ஓடும் ஆறு. மீட்சி இல்லாத மாலை இல்லறத்தைக் கெடுக்கிறது, கெட்ட இல்லறம் மாலை மீட்சியைப் பறிக்கிறது.

கலிபோர்னிய வீட்டுக்கும் தலவாக்கலை லயத்துக்கும் தூரம் அதிகம்தான். ஆனால் மாலை ஐந்து மணிக்கு மலையிலிருந்து இறங்கும் பெண்ணின் கால அட்டவணையைப் பாருங்கள். நிறுவை முடித்து, பிள்ளைக்காம்பராவில் விட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வழியில் விறகு பொறுக்கி, பீலியில் முறை வரும்வரை நின்று தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, சோறு வடித்து, மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் போட்டு, பாத்திரம் கழுவிப் படுக்கும்போது பத்து மணி. விடிகாலை நாலரைக்கு மறுநாளைக்கான ரொட்டிக்கு மா பிசைய எழும்ப வேண்டும். மலையில் ஒரு பிரட்டு முடிந்து வீட்டில் இன்னொரு பிரட்டு. சர்வதேச தொழில் அமைப்புக்காக (ஐ.எல்.ஓ.) 1982இல் ரேச்சல் குரியன் இலங்கைத் தோட்டப் பெண்கள் பற்றி எழுதிய ஆய்வு இந்த இரட்டைச் சுமையை அன்றே விரிவாகப் பதிந்தது. நாற்பது ஆண்டுகளில் சில லயங்களில் காஸ் அடுப்பு வந்திருக்கிறது, தண்ணீர்க் குழாய் வாசலுக்கு வந்திருக்கிறது. அட்டவணையின் எலும்புக்கூடு அப்படியேதான் இருக்கிறது.

இரண்டு மணிக்கு வந்த கணவன் இதற்குள் குளித்து, தேத்தண்ணி குடித்து, சந்திக்குப் போய்த் திரும்பியிருப்பான். அவன் உடலுக்கு மீட்சி கிடைத்துவிட்டது. இரவு எட்டு மணிக்கு அவன் கேட்கும் சாதாரணக் கேள்வி ஒன்றுக்கு அவள் ‘சுள்’ளென்று பதில் சொன்னால், அது அவளுடைய குணத்தைவிட அவளுடைய மணித்தியாலங்களைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

பத்துக்குப் பன்னிரண்டு

விமானக் கட்டுப்பாட்டாளருக்கு ஒதுங்க ஓர் அறையாவது இருந்தது. லயத்துக் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் ஒரு தாழ்வாரம். பெற்றோர், மணமான மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று எல்லாரும் அதற்குள். சேலையைத் திரையாகக் கட்டி ஒரு மூலை புதுமணத் தம்பதிக்கு.

நெருக்கடியான வீடு மனத்தை என்ன செய்கிறது என்பதற்கு நமக்கு அருகிலேயே ஓர் ஆய்வு உண்டு. புனே நகரில் குடும்பத் தலைவர்களான ஆண்களிடம் கேரி எவன்ஸும் இந்திய உளவியலாளர் பல்சானேயும் மற்றவர்களும் செய்து 1989இல் வெளியிட்டார்கள். நெரிசலான வீடுகளில் இருந்தவர்களுக்கு மனநல அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. காரணத்தைத் தேடியபோது, நெரிசல் அவர்களுக்குக் கிடைத்துவந்த மனித ஆதரவைக் கரைத்திருந்தது தெரிந்தது. எப்போதும் ஆட்கள் சூழ்ந்திருக்கும் இடத்தில் மனிதன் உள்ளுக்குள் சுருங்கிக்கொள்கிறான். அடுத்தவரின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கப் பழகுகிறான். துன்பம் வரும் நாளில் அந்தப் பழக்கமே ஆறுதலுக்குக் குறுக்கே நிற்கிறது.

கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேச, கோபத்தைத் தணிக்க, நெருங்கிப் படுக்க, மூன்றுக்கும் ஓரளவு தனிமை வேண்டும். அது இல்லாத வீட்டில் சண்டை அடுத்த காம்பராவுக்குக் கேட்கும், சமாதானம் கேட்காது. ஊரறிந்த சண்டையில் தோற்க யாருக்கும் மனம் வராது என்பதால் சின்னப் பூசலும் மானப் பிரச்சினையாகி நீள்கிறது.

காசு யார் மடியில்

குரியனின் ஆய்வு பதிந்த இன்னொரு வழக்கம், பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ போய் வாங்கிவருவது. இன்று பெண்ணே கையொப்பமிட்டு வாங்குகிறாள். வங்கிக் கணக்கும் அவள் பெயரில் இருக்கக்கூடும். வங்கி அட்டை யார் சட்டைப்பையில் இருக்கிறது என்பதுதான் இப்போதைய கேள்வி.

நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாய் ஆனது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 என்றும் அதற்குமேல் 350 ரூபாய் உற்பத்தி ஊக்குவிப்பு என்றும் வர்த்தமானி வந்தது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிந்திய மா, அரிசி, மருந்து விலைகளுக்கு முன் இது எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். கடைக்கடன், அடகு, சீட்டு, நுண்கடன் தவணை என்று சம்பளம் கைக்கு வருமுன்பே பங்கு பிரிந்துவிடுகிறது. மிச்சத்தில் சாராயக் கடைக்குப் போகும் பங்குதான் மலையகக் குடும்பங்களில் அதிகம் சண்டை எழுப்பும் பங்கு. குடி சண்டையின் காரணமா, நெருக்கடியின் விளைவா என்று கேட்டால் இரண்டும்தான். இலங்கை உட்பட ஆறு நாடுகளில் ஆண்களிடம் நடத்தி 2013இல் வெளியான ஐ.நா. ஆய்வில், மனைவிமேல் கைநீட்டுவதோடு மிக நெருங்கித் தொடர்புபட்டிருந்தவற்றில் ஒன்று சிறுவயதில் அடிபட்டும் வன்முறையைப் பார்த்தும் வளர்ந்தது. இலங்கையில் அந்த ஆய்வு நடந்த மாவட்டங்களில் நுவரெலியாவும் ஒன்று. குடிக்கும் எல்லாரும் அடிப்பதில்லை. அடி விழுந்த வீட்டில் வளர்ந்தவனுக்குக் குடி ஒரு சாட்டாகிவிடுகிறது.

பணத்துக்கும் இல்லறத்துக்கும் உள்ள தொடர்பை அமர்த்தியா சென் 1990இல் எழுதிய கட்டுரை ஒன்று கூர்மையாக விளக்குகிறது. குடும்பத்துக்குள் ஒத்துழைப்பும் உண்டு, பேரமும் உண்டு என்பார் அவர். பேரத்தில் ஒருவரின் பலம் மூன்றைப் பொறுத்தது. உறவு முறிந்தால் தன் நிலை என்னவாகும் என்பது ஒன்று. தன் நலம் என்று ஒன்று இருப்பதாகவே அவர் நினைக்கிறாரா என்பது இரண்டு. அவருடைய பங்களிப்பைக் குடும்பம் பங்களிப்பாகப் பார்க்கிறதா என்பது மூன்று. மலையகப் பெண் கணவனுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ சம்பாதிக்கிறாள். சென் சொன்ன மூன்றும் பலவீனமாக இருந்தால் அந்தச் சம்பாத்தியம் அவளுக்குப் பலமாவதில்லை.

மேரி கிளேர் லெனன், சாரா ரோசன்ஃபீல்டு இருவரும் 1994இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இதற்குச் சான்று. வீட்டுச் சுமை சமமில்லாமல் இருந்தும், மணத்துக்கு வெளியே போக்கிடமும் சொந்த வருமானமும் குறைந்த பெண்கள் அதை நியாயம் என்றே சொன்னார்கள். போக்கிடம் உள்ள பெண்கள் அநியாயம் என்றார்கள். அநியாயம் என்று உணர்ந்தவர்களிடம் மனச்சோர்வும் கூடுதலாக இருந்தது. படித்து, கொழும்பு வரை போய்வந்து, பிறகு தோட்டத்தில் வாழ்க்கைப்படும் இளம்பெண், தன் மாமியார் முணுமுணுக்காமல் தாங்கிய அதே சுமையை ஏன் தாங்க முடியாமல் தவிக்கிறாள் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. அவளுக்குப் பொறுமை குறைந்துவிடவில்லை. வேறு வழியும் உண்டு என்பதை அவள் கண்ணால் கண்டுவிட்டாள்.

ஏழு பேர்ச்

சென் சொன்ன முதல் பொருளுக்கு, அதாவது உறவு முறிந்தால் என்ன என்பதற்கு, மலையகத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். ஒரு தலைமுறை தோட்டத்தில் பேர் பதிந்ததால்தான் அடுத்த தலைமுறைக்குக் கூரை. பெரும்பாலும் கணவன் வீட்டாரின் காம்பராவுக்குத்தான் பெண் வருகிறாள். அடித்தாலும் அங்கேதான் இருக்க வேண்டும்.

கூரை யார் பெயரில் இருக்கிறது என்பது அடியைக் குறைக்குமா? கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 502 பெண்களிடம் பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் இதைக் கேட்டு 2005இல் வெளியிட்டார்கள். நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 சதவீதத்தினர் மணவாழ்வில் உடல்ரீதியான வன்முறையைச் சந்தித்திருந்தார்கள். நிலம் மட்டும் சொந்தமாக இருந்தவர்களில் 18 சதவீதம். வீடு மட்டும் இருந்தவர்களில் 10 சதவீதம். இரண்டும் இருந்தவர்களில் 7 சதவீதம். வருமானம், படிப்பு போன்ற பிற காரணங்களைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. சொத்துதான் ஒரே காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நிலத்தைவிட வீடு கூடுதல் காப்பாக இருந்திருக்கிறது என்பது கவனிக்க வேண்டியது. துரத்தப்பட முடியாத பெண்ணை அடிக்கும் துணிவு குறைகிறது. அடி விழுந்தாலும் அவளுக்குப் போக ஓர் இடம் இருக்கிறது.

மலையகத்தில் இந்திய உதவியோடும் அரச நிதியோடும் ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் கட்டப்பட்டுவருகின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் என்றார். எத்தனை வீடு கட்டி முடிந்தது என்ற கணக்கு அரசியல் மேடைகளில் அடிக்கடி வரும். உறுதிப் பத்திரத்தில் மனைவியின் பெயரும் இருக்கிறதா என்ற கேள்வி அந்த மேடைகளில் அதிகம் கேட்பதில்லை. திருவனந்தபுரத்துத் தரவுகளைப் படித்தவர்களுக்கு அதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

2019இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நாடளாவிய ரீதியில் நடத்திய பெண்கள் நல்வாழ்வுக் கணக்கெடுப்பின்படி, இலங்கையில் துணைவருடன் வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அவரால் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெற வழி செய்கிறது. 1938 என்ற பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது. பொலிஸ் நிலையத்தில் தமிழில் முறைப்பாடு எழுதிக்கொள்ள ஆள் இல்லாததும், முறைப்பாடு கொடுத்துவிட்டுத் திரும்பிப் போக அதே காம்பராதான் இருப்பதும் அந்த வழியை ஒடுக்குகின்றன.

நிரையில் கிடைக்கும் தெம்பு

இவ்வளவு சொன்னபின் மலையகத்து இல்லறமெல்லாம் துன்பம் என்று யாராவது முடிவுகட்டினால் அது பிழை. இதே நெருக்கடிக்குள் ஒருவரையொருவர் தாங்கி நிற்கும் தம்பதிகள் எல்லா லயத்திலும் இருக்கிறார்கள். அவர்களைத் தாங்குவது என்ன என்று பார்ப்பதும் அறிவியல்தான்.

ஒன்று, தாய்வீட்டின் பக்கம். சொந்தத்துக்குள்ளும் ஒரே தோட்டத்துக்குள்ளும் அடுத்த டிவிஷனிலும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கத்தால், கூப்பிடு தூரத்தில் அம்மாவும் அண்ணனும் இருக்கிறார்கள். தோட்டத் தமிழ்ப் பெண்களின் உறவுமுறை பற்றி 2005இல் எழுதிய அமாலி பிலிப்ஸ் போன்ற மானிடவியலாளர்கள் கவனித்த உலகம் இது. அண்ணன் அடுத்த லயத்தில் இருக்கிறான் என்ற நினைப்பே சில கைகளைத் தடுத்துவிடும்.

இரண்டு, கொழுந்து நிரை. பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்று எடுக்கும் பெண்கள் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே எடுக்கிறார்கள். காலையில் கணவனோடு முட்டிக்கொண்டு வந்தவளின் முகத்தைப் பார்த்தே, “என்னாடி, ராத்திரி தூங்கலியா?” என்று ஒரு குரல் வரும். மனச்சுமையைத் தணிக்கும் சமூக ஆதரவு என்று உளவியல் சொல்வதில் பெரும்பகுதி அந்தப் பேச்சில் நடந்துவிடுகிறது. கணவன் கொழும்பில் கடை வேலைக்கோ கட்டட வேலைக்கோ போய், மாதத்துக்கொரு முறை வரும் வீடுகளில் இந்த நிரைத் தோழமைதான் பெண்ணின் பெரும்பலம்.

மூன்று, அடுப்படியில் நிற்கும் ஆண். பகலில் வந்த கையோடு உலை வைத்துவிடும் கணவன்மார் மலையகத்தில் இல்லாமலில்லை. “பொண்டாட்டி சேலைக்குள்ள நிக்கிறான்” என்ற கேலிக்குப் பயந்து பலர் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு செய்கிறார்கள். சாக்ஸ்பியின் ஆய்வு காட்டியபடி பார்த்தால், அந்த உலை மனைவியின் மாலை நேரத்து உடலுக்கு மருந்து.

பேச்சுவார்த்தை மேசைக்கு

தோட்டத்துக்கு வரும் குடும்பநல மருத்துவிச்சி, பிரதேச செயலகத்தின் மகளிர் உத்தியோகத்தர், பஞ்சாயத்துக்குக் கூப்பிடப்படும் தலைவர், எல்லாரும் ஒரு தம்பதியின் சண்டையைத் தீர்க்க உட்காரும்போது, ‘பொறுத்துப் போ’ என்பதற்கு முன் கேட்க வேண்டியவை உண்டு. அவள் எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழும்புகிறாள்? மலையிலிருந்து வந்த முதல் ஒரு மணி நேரத்தில் வீட்டில் யார் என்ன செய்கிறார்கள்? சம்பளத்தைச் செலவழிப்பது யார்? இந்தக் கூரை யார் பெயரில்? பதில்களைக் கேட்ட பிறகும் குணத்தைப் பற்றிப் பேச ஏதாவது மிஞ்சியிருந்தால் பேசலாம்.

பதில்களில் சில அந்த வீட்டுக்குள் திருத்தக்கூடியவை. இரண்டு மணிக்கு வந்தவர் தண்ணீர் பிடித்து உலை வைத்தால் ஒரு சல்லி செலவில்லை. மற்றவை தோட்டத்தின் கையில் இருப்பவை. மாலை நிறுவையை அரை மணி நேரம் முன்னால் முடிப்பது, பிள்ளைக்காம்பராவை நிறுவை முடிந்து தாய் வந்துசேரும்வரை திறந்துவைப்பது, மலையில் ஒரு கழிப்பறை, பெண்களின் நிரைக்குப் பெண் கங்காணி. ஆணுக்குப் போலவே பெண்ணுக்கும் குறித்த கிலோவை எடுத்து முடித்தவுடன் வீட்டுக்குப் போகும் உரிமை கொடுத்தால் என்ன என்று நிர்வாகத்திடம் கேட்கலாம். வீட்டு உறுதியில் இருவர் பெயரையும் எழுதுவது அரசின் கையில்.

சம்பளப் பேச்சுவார்த்தை என்றால் ரூபாயும் கிலோவும்தான் என்று பல பத்தாண்டுகளாகப் பழகிவிட்டோம். பெண்ணின் மணித்தியாலங்கள் அந்த மேசைக்கு வந்ததில்லை, அவை குடும்ப விடயம் என்று வெளியிலேயே நிறுத்தப்பட்டன. மண உளவியலின் ஐம்பது ஆண்டுக் கண்டுபிடிப்புகளைப் பார்த்தால், குடும்ப விடயத்தில் பாதி அந்த மேசையில்தான் தீர வேண்டும். கொழுந்து எடுப்போரில் பெரும்பாலானோர் பெண்களாக இருந்தும் பேச்சுவார்த்தைக்குப் போகும் தலைவர்களில் பெரும்பாலானோர் ஆண்களாக இருப்பதால், இந்தக் கோரிக்கையை எழுதிக் கொடுக்க வேண்டிய பொறுப்பு மாதர் சங்கங்களுக்கு வந்து சேர்கிறது.